தனபாக்கியம் அக்காவின் சந்தேகம்

தனபாக்கியம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் குமரேசன் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று சொன்னபோது நான் நம்பவில்லை. துக்கத்தில் நம்ப முடியாமல் போவது வேறு. நான் உண்மையாகவே சந்தேகப்பட்டேன். இது அக்கா வைக்கிற பரீட்சையாக இருக்கும் என்று நினைத்தேன்.

காரணம் இருக்கிறது. வேலூருக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பையும் கையுமாக பஸ் ஏறுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வயல் வரப்பு வழியாக நடந்து வந்து, பண்ணையின் பின்பக்கம் புங்கமரத்தடியில் நின்றுகொண்டு, நாங்கள் ஒழுங்காக வேலை பார்க்கிறோமா என்று கவனிப்பார். ஒருமுறை இல்லை, பலமுறை நடந்தது. அதனால்தான் குமரேசனைப் பார்த்து, "உங்கம்மா எங்கே ஒளிஞ்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை ஸ்கூட்டர் கைப்பிடியிலேயே தலையைச் சாய்த்து அழுதான். அப்புறம்தான் நம்பினேன்.

அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து அடி அண்ணாமலை போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி, வேலி போட்ட கோழிப்பண்ணை ஒன்று உண்டு. அதை ஆரம்பித்தவர் அக்காவின் கணவர். கொட்டகைகளுக்கு ஓடு வேய்ந்த கையோடு அவர் காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற மகனையும் அப்போதுதான் இறக்கிய குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். ஒரு பொம்பளை கோழிப்பண்ணை நடத்துவதா என்று உறவினர்கள் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார்களாம். "அவங்க அவ்வளவு அக்கறையா சொன்னதுதான் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதான் விக்கலை" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். என் கணவர் பஸ் கண்டக்டர். ஒருவர் சம்பளம் போதவில்லை. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்திருந்தேன். பண்ணையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். கேட்டைத் திறக்காமலே, கம்பி இடுக்கு வழியாக அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பேரு?"

"பங்கஜம்."

"வீட்டுல கோழி வளர்க்கறியா?"

"இல்லைங்க."

"பக்கத்து வீட்டுல?"

"இல்லைங்க."

"புறா, கிளி, ஏதாவது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல கொசு மட்டும்தாங்க இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். அன்று மாலையே எங்கள் தெருவுக்கு யாரோ ஓர் அம்மாள் வந்து, முட்டை விலைக்குக் கிடைக்குமா, இங்கே யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அடையாளம் கேட்டேன். அக்காவேதான்.

மறுநாள் போய் முகத்துக்கு நேரே கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "நீ பொய் சொல்லியிருந்தா என் கோழிங்க சாகும். நீ கோவிச்சுக்கிட்டா நீ மட்டும்தானே கோவிச்சுப்பே" என்றார். இவரிடம் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு வேலையில் சேர்ந்தேன்.

கோழி வளர்க்கிறவர்கள் தீவனத்தைப் பற்றிப் பேசுவார்கள், முட்டையைப் பற்றிப் பேசுவார்கள். அக்கா பேசியது எல்லாம் கால்களைப் பற்றித்தான். "சீக்குக்குக் காலு கிடையாது பங்கஜம். அது யார் காலையாவது எரவல் வாங்கிக்கிட்டுத்தான் வரும். யாரோட காலுன்னு மட்டும் பாரு" என்பார். கேட்டுக்குள் வந்ததும் வெளியே கட்டிவந்த புடவையை மாற்ற வேண்டும், வெளிச்செருப்பைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் பினாயில் தண்ணீர் ஊற்றிய தொட்டி இருக்கும். அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. காலையில் முதலில் குஞ்சுகள் இருக்கும் கொட்டகை, பிறகு வளரும் கோழிகள், கடைசியில்தான் வயசான முட்டைக் கோழிகள். பெரியவற்றிடம் போய்விட்டுக் குஞ்சுகளிடம் திரும்பி வந்தால் அன்றைக்கு வேலை போச்சு.

முட்டை வாங்க வருகிற பாய் பாவம். பல பண்ணைகளைச் சுற்றி வருகிறவர் என்பதால் அவருடைய வண்டி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியிலேயே நிற்க வேண்டும். அவர் கொண்டுவரும் முட்டை அட்டைகளை அக்கா தொட விடமாட்டார். "இந்த அட்டை எந்தப் பண்ணையில தூங்கிட்டு வந்துச்சோ" என்பார். "நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும் அம்மா" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். கடலைப் பிண்ணாக்கு மூட்டை வந்தால் நடுவில் கையை விட்டு அள்ளி முகர்ந்து பார்ப்பார். பூஞ்சை வாடை இருப்பதாகத் தோன்றினால் மூட்டை வந்த வழியே திரும்பும்.

மனிதர்களை மட்டுமா? கோழிகளையே அவர் நம்பவில்லை. "நம்ம தலையைப் பார்த்ததும் நல்லா இருக்கற மாதிரி நடிக்கும். உடம்பு முடியலைன்னா மறைக்கிற ஜாதி இது" என்பார். கொட்டகை வாசலில் அசையாமல் நிற்பார். கோழிகள் அவரை மறந்து தம் போக்கில் மேய ஆரம்பிக்கும் வரை நிற்பார். அப்போது எது ஒதுங்குகிறது, எது கண்ணை மூடுகிறது என்று தெரிந்துவிடும். அதைத் தூக்கித் தனியே வைப்பார். எத்தனையோ தடவை அது சரியாக இருந்திருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனுஷருக்குத் தொல்லை கொடுத்தாலும் கோழிகள் நன்றாக இருந்தன.

இப்படி ஒரு காக்காயைக்கூட உள்ளே விடாதவர் நடத்திய பண்ணைக்குள் ஒரு வருடம் சீக்கு நுழைந்தது. எண்பதுகளின் தொடக்கம். கார்த்திகை தீபம் முடிந்து, வந்த ஜனமெல்லாம் கலைந்துகொண்டிருந்த சமயம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் நாட்டுக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டு கூண்டாகச் செத்துக்கொண்டிருந்தன. பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். காற்றுக்கு இழுக்கும், கழுத்து திருகும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். ஒரு கொட்டகையில் நுழைந்தால் அள்ளிக்கொண்டு போய்விடும்.

அக்கா கேட்டை இழுத்துப் பூட்டினார். பாயைப் புளியமரத்தடியிலிருந்தும் துரத்தி ரோட்டோரம் நிற்க வைத்தார். முதலிரண்டு கொட்டகைகளுக்கும் முன்பே ஊசி போட்டாகிவிட்டது. மூன்றாவது கொட்டகையில் முட்டைக்கு வரப்போகும் இளங்கோழிகள். அவற்றுக்கு மருந்து வேலூரிலிருந்து ஐஸ் வைத்த பிளாஸ்கில் பஸ்ஸில் வந்தது. வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. பிளாஸ்கைத் திறந்தபோது ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது. குளிர்ச்சி இருக்கிறது, போடலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லி நாங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டு முடித்தோம். அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "மருந்து வெந்து போயிருக்கும் பங்கஜம். நான் போட்டது மருந்தா தண்ணியான்னு தெரியலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகனுக்குக் கல்லூரி, குடும்பத்துக்குச் சோறு, எல்லாமே அந்த இளங்கோழிகள் முட்டையிட ஆரம்பித்தால்தான். பயத்தில் அவர் முகமே சுருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. போளூர்ப் பக்கம் கிராமம். தாய்மாமன் வரிசையோடு நானும் என் கணவரும் போகாமல் முடியாது. அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் வீட்டிலேயே தலைக்குக் குளித்து, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

அதற்குச் சில நாள் கழித்து, மூன்றாவது கொட்டகையில் ஒரு கோழி கழுத்தை நீட்டி வாயைத் திறந்து காற்றுக்கு இழுத்தது. மறுநாள் இன்னும் சில. மருத்துவர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்கழிச்சல்தான்மா" என்றார். "வெளியிலேர்ந்து நாட்டுக்கோழி ஏதாவது உள்ள வந்துச்சா?"

"ஒரு இறகு கூட வரலைங்க" என்றார் அக்கா. சத்தியம் செய்கிற குரலில் சொன்னார்.

மருத்துவர் போனதும் விசாரணை ஆரம்பித்தது. முட்டை பாய் ரோட்டைத் தாண்டி வந்தாரா? பிண்ணாக்கு மூட்டை எந்த வண்டியில் வந்தது? கொட்டகை பெருக்கும் காவேரியின் புருஷன் வேலி ஓரம் ஏன் நடந்தான்? ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, கேட்டருகே எல்லோரும் நிற்கும்போது அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நீ எங்கே போயிருந்தே?"

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தானேக்கா போனேன்."

"அங்கே கோழி அடிச்சாங்களா?"

"விருந்துன்னா கோழி அடிக்காம கத்திரிக்காயா அடிப்பாங்க?"

"நீ தொட்டியா?"

"தின்னேன். தொடாம எப்படித் திங்கறது?"

"குளிச்சியா?"

"தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

"தலை ஈரமா இருந்ததை நான் பார்க்கலையே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருடம் அந்தக் கொட்டகைகளில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் காட்டியவள் நான். ஒவ்வொன்றின் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டவள் நான். "என் மேலேயே சந்தேகமாக்கா?" என்று கேட்டேன்.

"மூணாவது கொட்டகைக்குள்ள போனவங்கள்ல வெளியூர் போய் வந்தது நீ ஒருத்திதான். நீ போயிடு பங்கஜம். இனிமே வராதே" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? எங்கள் தெருவில், ஏதாவது எடுத்துவிட்டாளா, அதனால்தான் விரட்டிவிட்டார்களா என்று பேசிக்கொண்டார்கள். என் கணவரே சோற்றைப் பிசைந்துகொண்டே, "உண்மையைச் சொல்லு, செருப்பை மாத்திக்கிட்டுத்தானே போனே?" என்று கேட்டார். தட்டை எடுத்து மூஞ்சியில் அடிக்கலாமா என்று இருந்தது. வேலை போனது ஒரு பக்கம். பண்ணையையே கொன்றவள் என்கிற பெயரோடு இந்த ஊரில் வேறு எங்கே போய் வேலை கேட்பது? பாய் மூலம் விஷயம் எல்லாப் பண்ணைக்கும் போயிருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. காவேரியைச் சந்தேகப்பட்டேன், பாயைச் சந்தேகப்பட்டேன், அந்த மருத்துவரைக்கூட விட்டுவைக்கவில்லை. அக்காவோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். வெள்ளிக்கிழமைக்கு வாசல் மெழுகிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஜட்கா வண்டியிலிருந்து அக்கா இறங்கி வந்தார். தூங்காத முகம். என் வீட்டு வாசலுக்கு வந்து, படி ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன், வேண்டாவெறுப்பாக.

"வேணாம். இங்கேயே சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரிகள் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தார்கள். "சீக்கைக் கொண்டாந்தது நீ இல்லை பங்கஜம். நான்தான் கொண்டாந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா நின்றபடியே சொன்னார். நான் போளூருக்குப் போன அன்று விடியற்காலை, மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டிருக்கிறார். மருந்தை நம்ப முடியவில்லை, மனுஷரையும் நம்ப முடியவில்லை, ஆத்தாளாவது காப்பாற்றட்டும் என்று. காவேரியை விட்டுச் சந்தையில் நல்ல சிவப்புச் சேவலாக ஒன்று வாங்கி, மஞ்சள் கயிறு கட்டி, கற்பூரம் ஏற்றி, அவரே கையில் ஏந்திக் கொட்டகைகளைச் சுற்றி வந்திருக்கிறார். மலையையே சுற்றுகிற ஊர் எங்களுடையது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சுற்றி வருவதுதான் எங்களுக்குத் தோன்றும். பயம் ஜாஸ்தியாக இருந்த மூன்றாவது கொட்டகைக்கு மட்டும் உள்ளேயே சேவலோடு போயிருக்கிறார். சாமி காரியத்துக்குப் போகும்போது பினாயில் தண்ணீரில் கால் வைப்பதா என்று தொட்டியைத் தாண்டிப் போயிருக்கிறார்.

சீக்குப் பயம் தீர்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுக்கலாம் என்று சேவலைக் காவேரி தன் வீட்டில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். முந்தின நாள் அவள் பதறிப்போய் ஓடி வந்தாளாம். "அம்மா, வேண்டுதல் சேவல் செத்துப்போச்சும்மா. கழுத்தெல்லாம் திருகிக்கிச்சு. ஆத்தாளுக்குக் கோவம்போல இருக்கு." அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கிடந்தது.

"எந்த ஊர்ல சீக்கு வந்து, எந்த மகராசன் அவசர அவசரமா சந்தைக்குக் கொண்டாந்த சேவலோ" என்றார் அக்கா. "வானத்துல போற காக்காயைக் கூட சந்தேகப்பட்டேன். அதைச் சந்தேகப்படலை. அதை நான் கோழியாவே பார்க்கலை பங்கஜம். சாமிக்குன்னு சொன்னதும் அது கோழியில்லாம போயிடுச்சு எனக்கு. என் மாரோட அணைச்சுக்கிட்டு நானே உள்ள தூக்கிட்டுப் போனேன்."

நான் உடனே உருகிவிடவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். "என்னை விரட்டினது கேட்டுல. எல்லாரும் பார்க்க விரட்டினீங்க. மன்னிப்பு மட்டும் என் தெருவுலயா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஜட்காவை நிக்க வெச்சிருக்கேன். வா, அங்கேயும் சொல்லணும்" என்றார்.

அங்கேயும் சொன்னார். வேலைக்காரர்கள், பாய், பாயின் வண்டிக்காரர் எல்லோரையும் ரோட்டோரம் நிற்க வைத்து, சேவலைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். "பங்கஜத்தை யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என்னைச் சொன்ன மாதிரி" என்றார். வேடிக்கை என்னவென்றால் அதை யாரும் முழுசாக நம்பவில்லை. பாய் என் பக்கம் சாய்ந்து, "இதுல வேற என்னமோ விஷயம் இருக்குதும்மா, யாரையோ காப்பாத்தறாங்க" என்று கிசுகிசுத்தார். அத்தனை வருடம் அக்கா எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த பாடம் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மூன்றாவது கொட்டகை போய்விட்டது. செத்ததையும் சாகக் காத்திருந்ததையும் அக்காவும் நானுமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். முட்டை வைக்காமலே போன பிள்ளைகள். ஒவ்வொன்றையும் குழியில் இறக்கும்போது அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். கொட்டகைத் தரையில் போட்டிருந்த கடலைத்தோலை அள்ளி எரித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மாதக்கணக்கில் காலியாகவே வைத்திருந்தோம். மற்ற இரண்டு கொட்டகைகளும் நின்றன. அவற்றின் முட்டையில் பண்ணை தட்டுத்தடுமாறிப் பிழைத்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா கேட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். "இனிமே காலையில நான் வந்தாலும் நிறுத்திக் கேளு. எங்கே போனே, என்னத்தைத் தொட்டேன்னு கேளு. கேக்காம விட்டேன்னு தெரிஞ்சா உனக்கு வேலை கிடையாது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை. வெளியே போய் வந்த நாளெல்லாம் சொந்தப் பண்ணைக் கேட்டில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் கேட்பேன். உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்ப் பட்டுப்புடவையோடு வந்த ஒருநாள், உள்ளே மாற்றிக்கொள்கிறேன், விடு என்றார். முடியாது என்றேன். காவேரி மாற்றுப்புடவை கொண்டுவரும் வரைக்கும் வெயிலில் நின்றார். கோபம் வந்திருக்கும் என்று பார்த்தால், "இப்பத்தான் நீ உருப்படியா ஒரு வேலை பார்க்கறே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே நல்ல சிநேகிதிகளாகிவிட்டோம். அப்படியும் சிநேகம் இருக்குமா என்று கேட்பவர்கள் எங்கள் இருவரையும் பார்த்திருக்க வேண்டும்.

போன வருடத்திலிருந்து அக்காவுக்கு மார்வலி இருந்தது. மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். குமரேசன் படித்து முடித்து வந்து பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகும், அவன் தீவனம் கலக்குவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய உயிர் பிரிந்தது விடியும் நேரத்தில், பண்ணைக்குள் கேட்டை ஒட்டி இருக்கும் சின்ன வீட்டில், தூக்கத்திலேயே. சாவதற்குக்கூட யாருக்கும் முன்தகவல் கொடுக்கவில்லை.

நான் போனபோது கேட்டில் கூட்டம். கொட்டகைப் பக்கத்து வேலிக்கதவைப் பூட்டிவிட்டு, வருகிறவர்களை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அழுகை ஒரு பக்கம், காவல் ஒரு பக்கம். மதியம் அக்காவின் கொழுந்தனார் கிராமத்திலிருந்து வந்தார். கையில் ஒயர்பை. பைக்குள் கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையில் இறந்தவர்களைத் தனியாக அனுப்பக் கூடாது, பாடையில் ஓர் உயிருள்ள கோழியைத் துணைக்குக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒயர்பையைப் பார்த்ததும் என் கை தானாகக் கேட்டைச் சாத்தியது.

"அதை உள்ள கொண்டு வராதீங்க."

"என்னம்மா சொல்றே? பொணத்துக்குக் கட்டற கோழி இது."

"எந்த ஊருக் கோழிங்க?"

"எந்த ஊரா இருந்தா என்ன? இது சாங்கியத்துக்கும்மா!"

"சாங்கியத்துக்குன்னாலும் அது கோழிதானுங்களே" என்றேன்.

கூட்டம் முணுமுணுத்தது. வேலைக்காரிக்கு வந்த திமிரைப் பார் என்றார் ஒருவர். பண்ணையைச் சுருட்டிக்கொள்ளப் பார்க்கிறாள், பெரியவரை உள்ளே விடாமல் தடுக்கிறாள், இதில் ஏதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். நான் அசையவில்லை. சத்தம் கேட்டுக் குமரேசன் வந்தான். ஒயர்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அந்த மூன்றாவது கொட்டகைக் குழியைப் பார்த்தவன் அவன்.

"சித்தப்பா, அது வெளியவே இருக்கட்டும்" என்றான். பிறகு என் கையிலிருந்த வேலிக்கதவுச் சாவியைக் காட்டி, "அத்தை, நீங்களே பார்த்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றான்.

புடவை மாற்றினேன். தொட்டியில் கால் நனைத்தேன். சாவு வீட்டுச் சத்தம் எதுவும் தெரியாமல் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசலில் நின்று பார்த்து, ஒன்றைப் பிடித்தேன். கொண்டை சிவப்பாக இருந்தது. கண் தெளிவாக இருந்தது. இறக்கைக்கு அடியில் ஊதிப் பார்த்தேன், பேன் இல்லை. இடுப்பெலும்பில் விரல் வைத்துப் பார்த்தேன், நன்றாக முட்டை வைக்கிற கோழி. அதை அனுப்பக் கை வரவில்லை. ஆனாலும் ஒன்றுக்கும் உதவாததை அக்காவோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கொண்டுவந்து கொடுத்தபோது கொழுந்தனாரின் மனைவி, "முட்டை விடாததாப் பார்த்துப் பொறுக்கியிருப்பா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா இருந்திருந்தால் அவரும் அதையேதான் நினைத்திருப்பார். அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

பாடையின் கால்மாட்டில் அந்த வெள்ளைக் கோழியைக் கட்டினார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் கேட்டிலேயே நின்றேன். பறை முன்னால் போக, பாடை கேட்டைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, மலைக்கு எதிரே இருக்கும் ரோட்டில் ஏறியது. தூக்கிக்கொண்டு போனவர்களின் தோள்களுக்கு மேலே அந்தக் கோழி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, வருகிறவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனது.

போய் வாருங்கள் அக்கா. துணைக்கு வருவது நம் கொட்டகைக் கோழிதான், யார் வீட்டுக் கோழியும் இல்லை. தூக்கிக் காதோடு வைத்து மூச்சையும் கேட்டுவிட்டுத்தான் கட்டக் கொடுத்தேன். சீக்கு இல்லை. இந்த ஒருமுறை என்னை நம்புங்கள்.